முதியோர் வீடும் வீட்டுவரியும்

ஐக்கிய அமெரிக்காவின் மின்னஸோட்டா மாகாணத்திலுள்ள மினியாபொலிஸ் நகரில், ஜெரால்டின் டைலர் என்ற மூதாட்டி 1999-ம் வருஷம் மாடிக் கட்டடம் ஒன்றில் ஒரு சிறு வீட்டை விலைக்கு வாங்கித் தனியே வசித்துவந்தார். அக்கம்பக்கம் அச்சம் தரும்படியாக மாறவே, 2010-ல் அதை விட்டு முதியோர் வசிக்கும் வேறோர் இடத்துக்குக் குடிபோனார். அதன்பின் பழைய வீட்டுக்கு வரி கட்டப்படவில்லை. 2015-ம் வருஷத்துக்குள் வரிப்பாக்கி சுமார் 2,300 டாலர் ஆயிற்று. அபராதமும் வட்டியும் செலவும் சேர்ந்து, அது சுமார் 15,000 டாலராகப் பெருகிவிட்டது. ஹென்னெபின் ஜில்லா நிர்வாகம் வீட்டைக் கைப்பற்றி 40,000 டாலருக்கு விற்றது. பாக்கி போக மீதி 25,000 டாலரை வீட்டுக்குடையவரிடம் கொடுக்கவேண்டுமென்று சாதாரண மனிதனுக்குத் தோன்றும். ஜில்லா நிர்வாகத்தாருக்கு அப்படித் தோன்றவில்லை. முழுத் தொகையையும் எடுத்துக்கொண்டார்கள். மாகாணச் சட்டமும் அவர்கள் பக்கமே இருந்தது.

வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரையில் சென்றது. 2023 மே மாதத்தில், அந்த அம்மாளுக்கு 94 வயதாயிருக்கையில், நீதிபதிகள் ஒன்பதின்மரும் ஒருமுகமாக அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புக் கூறினார்கள். சர்க்கார் தனக்குரிய வரியை வசூலிக்கலாம், அதற்குமேல் ஒரு காசும் எடுக்கலாகாது என்று பிரதம நீதிபதி ராபர்ட்ஸ் தீர்ப்பில் எழுதினார். 1215-ம் வருஷத்து மாக்னா கார்ட்டா சாஸனத்திலிருந்தே இக்கொள்கை வேரூன்றியிருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். நஷ்டஈடின்றிப் பிரஜையின் சொத்தை எடுக்கக்கூடாதென்று அரசியல் சட்டத்தில் எழுதி வைத்திருக்கும் தேசத்தில், இவ்வளவு எளிய நியாயத்தை நிலைநாட்ட 2023-ம் வருஷம் வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது! முப்பத்தாறு மாகாணங்கள் முன்னரே மீதியைத் திருப்பிக் கொடுத்து வந்தன என்பதும் தீர்ப்பிலிருந்து தெரிகிறது.

ஆனால் கோர்ட்டு தீர்த்துவைத்தது விஷயத்தில் ஒரு பாதியே. வீடு ஏலம் போன பிறகு மீதிப் பணம் யாருக்கு என்பது அந்தப் பாதி. உழைத்து ஓய்ந்த ஒருவர், வரி கட்ட வழியில்லாத காரணத்தால் தம் வீட்டையே இழக்கலாமா என்பது மற்றப் பாதி. இதைத் தீர்ப்பது கோர்ட்டுகளின் வேலையன்று, சட்டசபைகளின் வேலை. அமெரிக்க மாகாணச் சட்டசபைகள் அறுபது வருஷங்களுக்கு மேலாக இதற்கென்று பலவிதத் திட்டங்களை இயற்றி வந்திருக்கின்றன. அவற்றை ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது நமக்கு ஏற்படும் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் கூறிவிடுகிறோம். நிவாரணம் குறைவு என்று சொல்வதற்கில்லை. அது வேண்டாதவரின் வீட்டுக்குத் தானே சென்று சேர்கிறது. வேண்டியவரோ அதைத் தேடி ஆபீசு ஆபீசாக அலைய வேண்டியிருக்கிறது.

நம் வாசகர்களில் பலர், வீட்டுவரி ஒருவரை வீட்டைவிட்டு விரட்டுமளவுக்குப் பெரிதாகுமோ என்று ஐயுறக்கூடும். அமெரிக்காவில் ஆகும். மத்திய சர்க்கார் அங்கே வீட்டுவரி வசூலிப்பதில்லை. ஜில்லாவும் நகரசபையும் பள்ளிக்கூட வட்டாரமும் அதை வசூலித்துக்கொள்கின்றன. ஊர்ப் பள்ளிக்கூடம், போலீஸ், தீயணைக்கும் படை, சாலைகள் ஆகிய எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் அதுவே ஜீவாதாரம். வருமான வரியே வசூலிக்காத டெக்ஸாஸ் போன்ற மாகாணங்களில் பாரம் இன்னும் அதிகமாக வீட்டின் தலையில் ஏறுகிறது. நியூ ஜெர்ஸியில் 2024-ல் ஒரு வீட்டின் சராசரி வரி வருஷத்துக்கு 10,000 டாலரைத் தாண்டிவிட்டது.

வருமான வரிக்கும் இதற்கும் ஒரு முக்கிய வேற்றுமை உண்டு. சம்பளம் நின்றால் வருமான வரி நிற்கும். வீட்டுவரி அப்படி நிற்காது. அது வீட்டின் சந்தை விலையைப் பார்க்குமேயன்றி, வீட்டுக்காரரின் கைப்பணத்தைப் பாராது. முப்பது வருஷம் அடமானக் கடன் கட்டி மீட்ட வீட்டில் பென்ஷனைக் கொண்டு காலந்தள்ளும் ஒருவருக்கு, பக்கத்து வீடு நல்ல விலைக்கு விற்றது என்ற செய்தியே கெட்ட செய்தி. அடுத்த மதிப்பீட்டில் தம் வீட்டின் மதிப்பும் உயரும், வரியும் உயரும். அந்த உயர்ந்த விலையோ, வீட்டை விற்று வெளியேறினாலன்றிக் கைக்கு வராது. வீடு மட்டும் செல்வந்தனாகவும் வீட்டுக்காரர் ஏழையாகவும் இருக்கும் இந்த விசித்திர நிலைமைதான் எல்லாத் திட்டங்களுக்கும் காரணம்.

இவற்றுள் புகழ்பெற்றது கலிபோர்னியாவில் 1978 ஜூன் மாதம் வாக்காளர்கள் நேரே வோட்டளித்து நிறைவேற்றிய 13-வது பிரேரணை. எழுபது வயதைக் கடந்த ஹவர்டு ஜார்விஸ் என்பவரும் பால் கான் என்பவரும் அதை முன்னின்று நடத்தினார்கள். வீட்டு விலை தாறுமாறாக ஏறிக்கொண்டிருந்த காலம் அது. வரி கட்டமுடியாமல் முதியவர்கள் வீட்டை விற்க நேரிடும் என்ற பேச்சு ஊரெங்கும் பரவியிருந்தது. வோட்டளித்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரித்தார்கள். வரி, மதிப்பில் நூற்றுக்கு ஒன்றுக்கு மேற்படலாகாது; மதிப்பு 1975-ம் வருஷத்து நிலைக்குத் திரும்ப வேண்டும்; வீடு கைமாறும் வரையில் மதிப்பை வருஷத்துக்கு நூற்றுக்கு இரண்டுக்குமேல் உயர்த்தலாகாது. இவையே அதன் சாரம். ஸ்தல ஸ்தாபனங்களின் வீட்டுவரி வருமானம் ஒரே அடியில் பாதிக்கு மேல் குறைந்துபோயிற்று.

முதியவருக்கு இதனால் நிம்மதி கிடைத்ததை நாம் மறுக்கவில்லை. அடுத்த வருஷத்து வரி இவ்வளவுதான் என்று முன்கூட்டியே அறிவது, அளவான பென்ஷன் வாங்குபவருக்குப் பெரிய தைரியம். ஆனால் இச்சட்டத்தில் முதுமையைப்பற்றி ஒரு வார்த்தையும் கிடையாது, ஏழ்மையைப்பற்றியும் கிடையாது. கிழவியின் குடிசைக்குக் கிடைத்த அதே வஜா பெரிய கம்பெனிகளின் ஆலைகளுக்கும் கடைகளுக்கும் மாளிகைகளுக்கும் கிடைத்தது. கம்பெனிக்கு மரணம் ஏது? மனிதர் இறந்தால் வீடு கைமாறும். கம்பெனியோ கைமாறாமல் பழைய மதிப்பிலேயே காலங்காலமாக இருந்துகொள்ளும். வியாபாரக் கட்டடங்களையாவது சந்தை விலைக்கு மதிப்பிடவேண்டுமென்று 2020 நவம்பரில் கொண்டுவந்த பிரேரணையும் சிறு வித்தியாசத்தில் தோற்றது.

ஸ்டெபனி நார்ட்லிங்கர் என்பவர் 1988-ல் லாஸ் ஏஞ்ஜலஸ் நகரில் 1,70,000 டாலருக்குச் சாதாரண வீடொன்றை வாங்கினார். அவருக்கு விதிக்கப்பட்ட வரி வருஷத்துக்கு 1,700 டாலர். அதே மாதிரியான வீட்டில் பழைய நாளிலிருந்து வசித்த அண்டை அயலார் அதில் நாலில் ஒரு பங்குகூடக் கட்டவில்லை. மாலிபு கடற்கரையில் 21 லட்சம் டாலர் பெறும் வீட்டை 1976-க்கு முன்பே வாங்கியிருந்தவருக்கும் இவருக்கும் வரியில் சில டாலர்களே வித்தியாசம்! 1992-ல் சுப்ரீம் கோர்ட்டு இவர் வழக்கைத் தள்ளிவிட்டது. எட்டு நீதிபதிகள் சட்டம் செல்லும் என்றார்கள். ஸ்டீவன்ஸ் ஒருவர் மட்டும் மாறுபட்டு, முந்தி வந்தவர்களைப் பண்ணைப் பிரபுக்களாக்கும் சட்டம் என்று கண்டித்தார். சட்டம் செல்லும் என்று தீர்ப்பதும், சட்டம் நல்லது என்று சொல்வதும் வெவ்வேறு. அவ்விரண்டில் முதலாவதைத்தான் கோர்ட்டு செய்தது.

பிரபுத்துவம் என்றால் வாரிசுரிமையும் வேண்டுமல்லவா? 1986-ல் அதுவும் வந்தது. பெற்றோரின் வீட்டோடு பெற்றோரின் பழைய மதிப்பும் பிள்ளைகளுக்குச் சேரும் என்று விதித்தார்கள். பிள்ளை அவ்வீட்டில் குடியிருக்க வேண்டுமென்பதுமில்லை. வாடகைக்கு விட்டு லாபம் சம்பாதிக்கலாம். முதியோர் பெயரால் தொடங்கிய நிவாரணம் முதியோர் மாண்ட பிறகும் தொடர்ந்தது. 2020-ல்தான் இதை மாற்றி, பிள்ளை அவ்வீட்டிலேயே வசித்தால் மாத்திரம், அதுவும் ஓர் அளவுக்குட்பட்டு, சலுகை உண்டு என்றார்கள். 55 வயதானவர்கள் சிறு வீட்டுக்கு மாறினால் பழைய மதிப்பைக் கூடவே எடுத்துச் செல்லலாம் என்ற வசதியையும் அப்போதே மாகாணம் முழுதுக்கும் விரித்தார்கள். படியேற முடியாத கிழவரைப் பெரிய வீட்டோடு கட்டிப்போட்டிருந்த முடிச்சு அதனால் அவிழ்ந்தது. இந்த ஒன்றை நாம் மனமார வரவேற்கிறோம்.

வயது ஒன்றையே பார்த்து வரியைத் தள்ளிவிடுவது இன்னொரு முறை. ஜார்ஜியா மாகாணத்தின் காப் ஜில்லாவில் 62 வயது நிரம்பிவிட்டால், வருமானம் எவ்வளவானாலும், குடியிருக்கும் வீட்டுக்குப் பள்ளிக்கூட வரி கிடையாது. நியூ ஜெர்ஸியில் 2023-ல் இயற்றிய சட்டமோ, 65 வயதானவருக்கு வீட்டுவரியில் பாதியை, 6,500 டாலர் வரையில், மாகாணப் பொக்கிஷத்திலிருந்து திருப்பித் தர வகை செய்தது. அதற்கு வைத்த வருமான வரம்பு என்ன? வருஷத்துக்கு 5,00,000 டாலர்! ஐந்து லட்சம் டாலர் சம்பாதிப்பவரை ஏழையென்று எந்தக் கணக்கில் சேர்ப்பது? இரண்டு குழந்தைகளோடு வாடகைக்குக் குடியிருக்கும் முப்பது வயதுக் கூலிக்காரரும், கடையில் சாமான் வாங்கும்போதெல்லாம் விற்பனை வரி கொடுத்து அந்தப் பொக்கிஷத்தை நிரப்புகிறாரே!

“எங்கள் பிள்ளைகள் படித்து முடித்துப் போய்விட்டார்கள், பள்ளிக்கூடத்துக்கு நாங்கள் ஏன் கொடுக்கவேண்டும்?” என்று முதியோர் சிலர் கேட்பதுண்டு. அந்த வாதத்தை நாம் ஏற்பதற்கில்லை. அவர்களுடைய பிள்ளைகள் படித்த காலத்தில் அன்றைய கிழவர்கள் கொடுத்தார்கள். அரிஸோனா மாகாணத்தில் முதியோருக்கென்றே 1960-ல் திறக்கப்பட்ட சன் சிட்டி என்னும் ஊர் இதற்கு நல்ல உதாரணம். அவ்வூரார் திரண்டு சென்று, பள்ளிக் கட்டடங்களுக்குக் கடன் திரட்டும் பிரேரணைகளை மீண்டும் மீண்டும் தோற்கடித்தார்கள். முடிவில் அந்த ஊரையே பள்ளி வட்டாரத்திலிருந்து பிரித்துவிட்டார்கள். முதியோர் வோட்டுப் போடத் தவறுவதில்லை. சட்டசபைக்கு நிற்பவர்கள் அதை நன்கறிவார்கள். ஐந்து லட்சம் டாலர் வரம்பு எப்படிப் பிறந்தது என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

விஸ்கான்ஸின் மாகாணம் 1964-ல் கண்ட வழி இவற்றைவிட மேலானது. வரி, குடும்ப வருமானத்துக்கு மிஞ்சிய பாரமாகும்போது, மிகையில் ஒரு பங்கை மாகாணமே திருப்பித் தரும். மின்சாரம் அளவுக்கு மிஞ்சிப் பாய்ந்தால் தானே துண்டித்து வீட்டைக் காக்கும் கருவியின் பெயரை இதற்குச் சூட்டியிருக்கிறார்கள். முதியோருக்கென்று ஏற்பட்ட இத்திட்டம் பின்னர் வயது பாராமல் ஏழைகளுக்கும் விரிந்தது. வாடகைக்குக் குடியிருப்போருக்கும், வாடகையில் ஒரு பகுதியை வரியாகக் கணக்கிட்டு, உதவி கிடைக்கிறது. வீட்டுக்காரர் கட்டும் வரி கடைசியில் குடிக்கூலியில் ஏறிவிடுகிறது என்ற உண்மையைச் சட்டமாக்கியவர்கள் அறிந்திருந்தார்கள். பல மாகாணங்கள் இதைப் பின்பற்றியிருக்கின்றன.

இம்முறையின் குறை ஒன்றே, ஆனால் பெருங்குறை. மின்சாரக் கருவி தானே வேலை செய்யும். இந்தக் கருவிக்கோ விண்ணப்பம் போடவேண்டும். டெட்ராய்ட் நகரத்தின் கதையைப் பாருங்கள். 2008-ம் வருஷத்து வீழ்ச்சிக்குப் பின் வீட்டு விலை அங்கே பாதாளத்துக்குப் போயிற்று. நகர உத்தியோகஸ்தர்களின் ஏட்டில் மட்டும் மதிப்பு குறையவில்லை. 2010 முதல் 2016 வரையில் வீட்டுக்காரர்களிடமிருந்து குறைந்தது 60 கோடி டாலர் அதிகமாக வசூலாயிற்றென்று உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று 2020-ல் கணக்கிட்டு வெளியிட்டது. பாக்கிக்காகப் பல்லாயிரம் வீடுகள் பறிபோயின. அவற்றில் இருந்த ஏழைகளில் பலர் வரியே கட்டவேண்டியவர்கள் அல்லர். வறியோருக்கு முழு விலக்கு மாகாணச் சட்டத்தில் இருந்தது. அதற்கு ஒவ்வோர் ஆண்டும் அத்தாட்சிகளோடு மனுச் செய்யவேண்டும் என்பதும், அப்படி ஒரு விலக்கு உண்டு என்பதுமே பலருக்குத் தெரியாது. 2018-ல் கோர்ட்டில் ஏற்பட்ட சமரசத்தின் பேரில்தான் நகர நிர்வாகம் மனுச் செய்யும் முறையை எளிதாக்க ஒப்புக்கொண்டது. கட்டவேண்டாத வரிக்காக வீட்டை இழந்தவர்களுக்கு அந்தச் சமரசம் காலங்கடந்த மருந்து.

மாஸசூஸெட்ஸ் மாகாணத்தில் ஒரு விநோதமான ஏற்பாடு உண்டு. 60 வயதானவர் நகரசபைப் புத்தகசாலையிலோ ஆபீசிலோ சில மணி நேரம் வேலை செய்து, அதற்குரிய குறைந்தபட்சக் கூலியை வரியில் கழித்துக்கொள்ளலாம். ஊரோடு ஒட்டி வாழ இது நல்ல சந்தர்ப்பம் என்று விரும்பிச் செய்பவர்கள் இருக்கிறார்கள். திடகாத்திரமுள்ளவர் செய்யட்டும். படுக்கையில் கிடப்பவர் என்ன செய்வார் என்ற கேள்விக்கு இத்திட்டத்தில் விடையில்லை.

எல்லாவற்றிலும் நியாயமானதாக நமக்குத் தோன்றுவது வரியை ஒத்திவைக்கும் முறை. முதியவர் உயிருள்ளவரை வீட்டில் இருக்கட்டும். வரியை ஜில்லாவுக்கு மாகாணமே கட்டிவிடட்டும். அத்தொகை மிதமான வட்டியோடு வீட்டின் பேரில் பொறுப்பாக ஏறி நிற்கட்டும். வீடு விற்கும்போதோ அவர் காலமான பின்போ அதை வசூலித்துக்கொள்ளலாம். ஓரிகன் மாகாணம் 1963-லேயே இதைத் தொடங்கிற்று. டெக்ஸாஸில் 65 வயதானவர் ஒரு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தால் போதும், அவர் குடியிருக்கும் வரையில் வரிக்காக வீட்டில் கைவைக்க முடியாது. வட்டி நூற்றுக்கு ஐந்து. மின்னஸோட்டாவில் குடும்ப வருமானத்தில் நூற்றுக்கு மூன்று மட்டும் வரியாகக் கட்டினால் மீதியை மாகாணம் கடனாகக் கொடுக்கிறது. ஊருக்கு வருமானம் குறைவதில்லை, பள்ளிக்கூடத்துக்கு நஷ்டமில்லை, அடுத்த வீட்டு இளைஞர் தலையில் பாரம் ஏறுவதுமில்லை. உயர்ந்த விலையின் லாபம் கைக்கு வரும்போதுதான் வரியும் வாங்கப்படுகிறது.

பிள்ளைகளுக்குப் போகவேண்டிய சொத்து குறைகிறதே என்பார்கள். குறையத்தான் செய்யும். தாயின் வரியைக் கட்ட முன்வராத பிள்ளை, தாயின் வீட்டை முழுசாக எதிர்பார்ப்பதற்கு என்ன பாத்தியதை? ஆனால் முதியவர்களே இம்முறைக்கு அஞ்சுகிறார்கள் என்பது மெய். ஆயுள் முழுதும் பாடுபட்டுக் கடனைத் தீர்த்த வீட்டின்மேல் புதிதாக வில்லங்கம் ஏறுவதென்றால் மனம் கூசத்தான் செய்யும். அந்தக் கூச்சத்தை நாம் பரிகசிக்கவில்லை. சர்க்கார்களும் அவர்களுடைய நம்பிக்கைக்குப் பாத்திரமாக நடந்துகொள்ளவில்லை. பணமுடை வந்ததும் கலிபோர்னியா 2009-ல் இத்திட்டத்தை நிறுத்திவிட்டது. 2016-ல்தான் மீண்டும் மனுக்களை ஏற்றது. ஓரிகனில் நிதி வறண்டதும் 2011-ல் விதிகளை இறுக்கி, ஏற்கெனவே சேர்ந்திருந்தவர்களையே ஆயிரக்கணக்கில் நீக்கினார்கள். சாகும்வரை கேட்கமாட்டோம் என்று வாக்களித்துவிட்டு, பாதி வழியில் நோட்டீசு அனுப்பினால் யார் நம்புவார்கள்? கூக்குரல் எழுந்தபின் சிலரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். சர்க்காருக்கு இது நஷ்டமில்லாத கடன். வீடு இருக்கிறது, வட்டி வளர்கிறது. நெருக்கடி வந்த வருஷத்தில்தான் முதியோருக்கு இந்த உதவி மிகவும் வேண்டியிருக்கும். அந்த வருஷத்திலேயே அதை நிறுத்துவது, மழை பெய்யும்போது குடையைப் பிடுங்குவதற்கு ஒப்பாகும்.

டைலர் அம்மாளின் மாகாணத்திலேயே ஒத்திவைக்கும் திட்டம் இருந்தும், அது ஏன் அவரைக் காக்கவில்லை? அக்காலத்து விதிப்படி அவ்வீட்டில் 15 வருஷம் வசித்திருக்க வேண்டும். அவர் வசித்தது 11 வருஷம். அன்றியும், பயந்து வேறிடம் போனவருக்கு அது குடியிருக்கும் வீடல்லவாம். ஆகவே திட்டத்தில் இடமில்லை. 2023-ல் 15 வருஷம் என்பதை 5 வருஷமாகக் குறைத்திருக்கிறார்கள். குடியிருக்கும் வீடு என்ற நிபந்தனை நிற்கிறது. முதுமையில் வீட்டைவிட்டு வைத்தியத்துக்கோ மகள் வீட்டுக்கோ மாறுவது அபூர்வ சம்பவமா? சட்டத்தை வரைந்தவர்கள் அதை நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அமெரிக்க சர்க்கார்களுக்கு விவரம் தெரியாதென்று யாரும் சொல்லமுடியாது. ஒருவரின் வயதை முதியோர் பென்ஷன் இலாகா அறியும். வருமானத்தை வருமான வரி இலாகா அறியும். வீட்டையும் பாக்கியையும் ஜில்லா நிர்வாகம் சல்லிக் காசு தவறாமல் அறியும். இந்த மூன்று ஏடுகளையும் ஒன்றுசேர்த்து, உமக்கு வரி இவ்வளவு குறைகிறது என்று தாமாகவே கடிதம் அனுப்ப இயலாதா? கேட்டால்தான் கொடுப்போம் என்கிறார்கள். தலைநகரான வாஷிங்டனில், நினைவு தடுமாறிய 76 வயது முன்னாள் போர்வீரர் ஒருவர் 134 டாலர் வரிப்பாக்கிக்காக வீட்டை இழந்ததைப் பத்திரிகைகள் 2013-ல் வெளியிட்டன. பாக்கியை நகரசபை ஒரு தனி வியாபாரிக்கு விற்றுவிட, அவர் வக்கீல் செலவையும் அதன் தலையில் ஏற்றிவிட்டார். கடனற்ற வீடு அது. எந்த நோட்டீசைப் படித்து, எந்த மனுவை அவர் எழுதியிருப்பார்?

டைலர் வழக்கில் கிடைத்த வெற்றிக்கும் இதே கதிதான் நேரக்கூடும் என்பதற்கு மிச்சிகன் மாகாணம் அத்தாட்சி. ஏலத்தில் மிஞ்சிய பணம் உடையவருக்கே என்று அம்மாகாண சுப்ரீம் கோர்ட்டு 2020 ஜூலையிலேயே தீர்ப்புக் கூறியது. அவ்வழக்கில் பாக்கியாக நின்ற தொகை 8 டாலர் 41 சென்ட். வீடு விலைபோனது 24,500 டாலருக்கு. தீர்ப்புக்குப் பின் சட்டசபை புதிய சட்டம் செய்தது. அதன்படி, வீட்டை இழந்தவர் மீதிப் பணம் தமக்கு வேண்டுமென்று குறிப்பிட்ட பாரத்தில் எழுதி, அதிகாரி முன் கையெழுத்திட்டு, ஜூலை 1-ந் தேதிக்குள் நேரிலோ ரிஜிஸ்தர் தபாலிலோ ஜில்லா நிர்வாகத்திடம் சேர்ப்பிக்க வேண்டும். ஏலம் அதற்குப் பிறகே நடக்கிறது; மிஞ்சப்போவது எவ்வளவு, ஏதாவது மிஞ்சுமா என்பதே அன்று அவருக்குத் தெரியாது. தேதி தவறினால் மீதி அவருக்கு இல்லை.